மின்னிழப்பும் சட்டமும்: ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின் கீழ்ப் பகிர்மான நிறுவனங்கள்

மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துக என்னும் அறிவுரை நெடுங்காலம் நுகர்வோரை நோக்கியே கூறப்பட்டு வந்தது. மின்னை விற்கும் நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டது என்னும் கருத்தை 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தில் காணலாம். ஆற்றலை மிகுதியாகச் செலவிடும் தொழில்களைக் கூறும் அதன் அட்டவணையில் மின்பகிர்மான நிறுவனங்களும் இடம்பெற்றன. ஆயினும் அவை அனைத்தும் சட்டத்தின் கடமைகளுக்கு உட்பட்ட நுகர்வோராக அறிவிக்கப்பட்டது 2020 செப்டம்பரில்தான். 2021 அக்டோபரில் வெளியான ஒழுங்குமுறை, காலாண்டு ஆற்றல் கணக்கையும் ஆண்டுத் தணிக்கையையும் கட்டாயமாக்கியது. இத்தாமதம் சிறிதன்று.

தமிழ்நாட்டில் இச்சட்டத்தைச் செயற்படுத்தும் முகமை மின் ஆய்வுத் துறையாகும். தணிக்கையின் அடிப்படை எளியது: மின்னூட்டியில் செலுத்தப்பட்ட யூனிட்டுகளிலிருந்து கட்டணப் பட்டியலில் ஏறியவற்றைக் கழித்தால் எஞ்சுவது இழப்பு. பரங்கிமலை–பூந்தமல்லிச் சாலையில், அடுக்ககங்கள் பெருகிய ஐயப்பன்தாங்கல் போன்ற புறநகர்ப் பகுதியில் வீட்டு இணைப்புகள் அளவி வழியே இயங்குவதால் இக்கணக்கு இயலும். விலையில்லா மின்சாரம் பெறும் உழவுப் பம்புசெட்டுகளிலோ பெரும்பாலானவற்றுக்கு அளவி இல்லை. அவற்றின் நுகர்வு மாதிரி அளவீட்டால் மதிப்பிடப்படுகிறது. மதிப்பீடு உயர்ந்தால் இழப்பு தாழ்ந்து தோன்றும். இத்தணிக்கையின் மெலிந்த இடம் இதுவே. அளவியின்றி மின்வழங்கலை இரண்டாண்டுக்குள் நிறுத்தப் பணித்த 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு, அக்கெடுவை நீட்டிக்கும் அதிகாரத்தையும் மாநில ஒழுங்குமுறை ஆணையத்திடமே ஒப்படைத்திருந்தது.