மென்பொருள் இணக்கமும் பதிப்புரிமைச் சட்டமும்

ஒரு கணினிக்காகவோ இயங்குதளத்திற்காகவோ எழுதப்பட்ட மென்பொருள், வேறொரு நிறுவனம் உருவாக்கிய கணினியிலும் இயங்குதளத்திலும் மாற்றமின்றி இயங்குவது மென்பொருள் இணக்கம் எனப்படும். "இந்த மென்பொருள் விண்டோசில் மட்டும்தான் ஓடும்", "லினக்சில் அந்தக் கோப்பு சரியாகத் திறக்காது" என்று அலுவலகங்களிலும் கணினிக் கடைகளிலும் அன்றாடம் பேசப்படுவது இதைப் பற்றியே. இப்படிப் பேசுவோர் பெரும்பாலும் இதைத் தொழில்நுட்பச் சிக்கலாக மட்டுமே கருதுகின்றனர். ஆனால் ஒரு கணினி மற்றொன்றைப் போல நடந்துகொள்ளலாமா என்ற கேள்வியைக் கடந்த நாற்பது ஆண்டுகளில் பொறியாளர்களோடு நீதிமன்றங்களும் சேர்ந்தே தீர்மானித்து வந்துள்ளன. இன்று பல நிறுவனங்கள் தயாரிக்கும் கணினிகளில் ஒரே மென்பொருள் இயங்குவதற்கு அந்தத் தீர்ப்புகளும் ஒரு காரணம்.

இடைமுகமும் நிரலும்

இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள இடைமுகம், நிரல் ஆகிய இரண்டின் வேறுபாட்டை அறிவது தேவை. ஒரு செயலி இயங்குதளத்திடம் "இந்தக் கோப்பைத் திற", "இந்த வரியைத் திரையில் காட்டு" என்று வேலைகளைக் கேட்கிறது. அந்த வேலையை எந்தப் பெயரால், எந்த எண்ணால், எந்த வரிசையில் கேட்க வேண்டும் என்ற ஏற்பாடு இடைமுகம். அவ்வாறு கேட்கப்பட்ட வேலையை உள்ளே செய்து முடிப்பது நிரல். இடைமுகம் ஒன்றாக இருந்தால், உள்ளிருக்கும் நிரல் வேறாக இருந்தாலும் செயலிக்கு வேறுபாடு தெரியாது.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு எம்எஸ்-டாஸ். கேரி கில்டால் 1974இல் உருவாக்கிய சிபி/எம் இயங்குதளத்தில், ஒரு வரியைத் திரையில் காட்டும் வேலைக்கு 9 என்ற எண். வரி முடியும் இடத்தைக் காட்டுவது டாலர் குறி. 1980இல் சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் நிறுவனத்தில் டிம் பேட்டர்சன் எழுதிய 86-டாசிலும் அதே எண், அதே டாலர் குறி. சிபி/எம் செயலிகளைப் புதிய இன்டெல் சில்லுக்கு எளிதாக மாற்ற வேண்டும் என்பதற்காக இந்த அமைப்பு பின்பற்றப்பட்டது. 1981இல் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. அதுவே ஐபிஎம் தனிமேசைக் கணினியின் இயங்குதளமாகவும் பின்னர் எம்எஸ்-டாசாகவும் வெளிவந்தது. தன் படைப்பு நகலெடுக்கப்பட்டது என்று கில்டால் கருதினார். மைக்ரோசாஃப்டின் பெருவளர்ச்சிக்கு அடித்தளமிட்ட இயங்குதளமே இன்னொன்றின் இடைமுகத்தைப் பின்பற்றி எழுந்ததுதான்.

பிராங்கிளின் வழக்கு

அமெரிக்காவில் கணினி நிரல்கள் பதிப்புரிமைக்கு உட்பட்டவை என்பது 1980இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தத்தால் உறுதியானது. எனினும் இயங்குதளமும் அதில் அடங்குமா என்ற ஐயம் நீடித்தது. 1982இல் பிராங்கிளின் நிறுவனம் ஏஸ் 100 என்ற கணினியை வெளியிட்டது. ஆப்பிள் II கணினிக்காக எழுதப்பட்ட செயலிகள் அதில் இயங்கின. ஆப்பிள் நிறுவனம் வழக்குத் தொடுத்து, தன்னுடைய பதினான்கு நிரல்கள் அப்படியே நகலெடுக்கப்பட்டுள்ளன என்று கூறியது. பிராங்கிளினின் நிரலுக்குள் ஆப்பிள் நிரலர் ஒருவரின் பெயரும் 'ஆப்பிள்சாஃப்ட்' என்ற சொல்லும் கூட நீக்கப்படாமல் இருந்தன.

பிராங்கிளின் நகலெடுத்ததை மறுக்கவில்லை. இயங்குதளம் என்பது இயந்திரத்தின் ஒரு பகுதி, அதற்குப் பதிப்புரிமை பொருந்தாது என்றும், முழு இணக்கத்துக்கு வேறு வழியில்லை என்றும் வாதிட்டது. முதல் நீதிமன்றம் ஆப்பிள் கேட்ட இடைக்காலத் தடையை வழங்க மறுத்தது. ஆனால் 1983 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. இயங்குதளத்துக்கும் பதிப்புரிமை உண்டு. முழு இணக்கத்தை அடைய விரும்புவது ஒரு வணிக நோக்கம், அது நகலெடுப்பை நியாயப்படுத்தாது என்றது. 1984 ஜனவரியில் பிராங்கிளின் 25 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

ஐபிஎம் பயோசும் தூய அறை முறையும்

பிராங்கிளின் தீர்ப்பு நகலெடுப்பைத் தடுத்தது. ஆனால் அதே வேலையைச் செய்யும் வேறு நிரலைப் புதிதாக எழுதுவதைத் தடுக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் ஐபிஎம் இணக்கக் கணினித் தொழில் வளர்ந்தது.

1981 ஆகஸ்டில் வெளிவந்த ஐபிஎம் கணினியின் பெரும்பாலான உறுப்புகளைக் கடையில் வாங்க முடிந்தது. இயங்குதளத்தை மற்றவர்களுக்கும் விற்கும் உரிமையை மைக்ரோசாஃப்ட் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தது. எஞ்சியது பயோஸ் ஒன்றுதான். கணினியைத் தொடங்கி வைத்து, விசைப்பலகை, திரை, வட்டு ஆகியவற்றோடு இயங்குதளம் தொடர்புகொள்ள உதவும் சிறு நிரல் அது. அதன் அளவு ஏறத்தாழ 8 கிலோபைட். ஐபிஎம் அதை மறைக்கவில்லை. தொழில்நுட்பக் கையேட்டில் முழு நிரலையும் அச்சிட்டு விற்றது. ஆனால் அது பதிப்புரிமை பெற்ற நிரல். எனவே அந்தக் கையேட்டைப் படித்த நிரலர் எழுதும் எந்தப் பயோசும் நகல் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளாகும் நிலை இருந்தது.

இதற்குக் கண்ட தீர்வே தூய அறை முறை. ஒரு குழு ஐபிஎம் நிரலைப் படித்து, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் எழுதித்தரும். எப்படிச் செய்கிறது என்பதை எழுதாது. ஐபிஎம் நிரலைப் பார்த்தே இராத இன்னொரு குழு அந்த விவரத்தை மட்டும் வைத்துக்கொண்டு புதிய நிரலை எழுதும். இரு குழுக்களுக்கும் இடையில் பரிமாறப்பட்ட ஒவ்வொன்றும் பதிவு செய்யப்படும். வழக்கு வந்தால் அந்தப் பதிவேடே சாட்சி.

ஹூஸ்டனில் 1982இல் தொடங்கப்பட்ட காம்பாக் நிறுவனம் இவ்வகையில் தன் பயோசை உருவாக்கி, 1983இல் தூக்கிச் செல்லத்தக்க கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலாண்டு விற்பனை 11 கோடி டாலரைத் தாண்டியது. மறுபுறம், கரோனா, ஈகிள் ஆகிய நிறுவனங்கள் மீது ஐபிஎம் 1984இல் வழக்குத் தொடுத்தது; அவை தங்கள் பயோசை மாற்றி எழுத ஒப்புக்கொண்டன. அதே ஆண்டில் ஃபீனிக்ஸ் நிறுவனம் தூய அறையில் எழுதிய பயோசை யாருக்கும் உரிமம் கொடுத்து விற்கத் தொடங்கியது. அதன்பின் ஐபிஎம் இணக்கக் கணினி தயாரிக்கத் தனியாகப் பயோஸ் எழுதவேண்டிய தேவை இல்லாமற் போனது. லோட்டஸ் 1-2-3 விரிதாளும் மைக்ரோசாஃப்டின் விமான ஓட்ட விளையாட்டும் சரியாக இயங்குகின்றனவா என்பதே அக்காலத்தில் ஒரு கணினியின் இணக்கத்தைச் சோதிக்கும் வழக்கமாக இருந்தது.

கட்டளைகளின் உரிமை: லோட்டஸ் - போர்லாண்ட் வழக்கு

அடுத்த கேள்வி பயனரின் கைப்பழக்கத்தைப் பற்றியது. லோட்டஸ் 1-2-3இல் 469 கட்டளைகள், ஐம்பதுக்கும் மேற்பட்ட பட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன. கணக்கர்கள் அந்த வரிசையை விரலில் பழகியிருந்தனர். அதை அடிப்படையாகக் கொண்டு, அடிக்கடி செய்யும் வேலைகளுக்குக் குறுநிரல்களும் எழுதி வைத்திருந்தனர். போர்லாண்ட் நிறுவனம் தன் குவாட்ரோ விரிதாளில் அதே கட்டளை வரிசையையும் ஒரு விருப்பத் தெரிவாகக் கொடுத்தது. லோட்டசின் நிரலில் ஒரு வரியையும் அது எடுக்கவில்லை; கட்டளைச் சொற்களையும் அவற்றின் அடுக்கையும் மட்டுமே எடுத்தது.

1990இல் லோட்டஸ் தொடுத்த வழக்கில் முதலில் லோட்டசே வென்றது. 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. கட்டளைப் பட்டி என்பது ஒளிப்பதிவுக் கருவியின் பொத்தான்களைப் போன்ற ஓர் இயக்குமுறை, அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்றது. பயனர்கள் கற்றுக்கொண்டதும் எழுதி வைத்ததும் அவர்களுடைய முதலீடு, அதைக் காட்டி அவர்களை ஒரே நிறுவனத்திடம் கட்டிப்போட முடியாது என்ற கருத்தை நீதிபதி மைக்கேல் பௌடின் தனியாக எழுதிச் சேர்த்தார். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் பழகியவர்கள் கணினிக்கு வந்த பின்னும் அதே விசையமைப்பைத் தேடியதை அறிந்தவர்களுக்கு இந்தக் கருத்தின் எடை எளிதில் விளங்கும்.

1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நாலுக்கு நாலு எனப் பிளவுபட்டதால் அந்தத் தீர்ப்பு நிலைத்தது. எனினும் வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே, 1994இல், போர்லாண்ட் குவாட்ரோ புரோவை நோவெல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டிருந்தது. சட்டத்தில் வென்றவர் சந்தையில் அப்போது இல்லை.

பிரித்துப் படிக்கும் உரிமை

இடைமுகத்தின் விவரம் எங்கும் வெளியிடப்படாதபோது, நிரலைப் பிரித்துப் படித்தே அதை அறிய முடியும். அக்கோலேட் நிறுவனம் சேகா விளையாட்டுப் பெட்டியின் மூன்று விளையாட்டுகளை இவ்வாறு பிரித்துப் படித்துத் தன் விளையாட்டுகளை எழுதியது. இணக்கத்துக்கு வேறு வழியில்லாதபோது இது நியாயமான பயன்பாடே என்று 1992இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஐரோப்பாவில் 1991ஆம் ஆண்டின் மென்பொருள் நெறியாணை, இணக்கத்துக்காக நிரலைப் பிரித்தறிவதை நிபந்தனைகளுடன் நேரடியாகவே அனுமதித்தது.

பிரித்துப் படிக்காமலும் சிலர் இதைச் சாதித்தனர். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிய சாம்பா திட்டம், விண்டோஸ் கணினிகள் வலைப்பின்னலில் ஒன்றோடொன்று பரிமாறும் செய்திகளைக் கவனித்தே அவற்றின் மொழியைக் கற்றது. பிரெஞ்சு தெரியாத ஒருவர் பிரெஞ்சு உணவகத்தில் அமர்ந்து, யார் என்ன கேட்டால் என்ன வருகிறது என்று பார்த்து மொழி கற்பதற்கு அவர் இதை ஒப்பிட்டார். 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ தண்டம் விதித்து, வழங்கிக் கணினிகளுக்கான இடைமுக விவரங்களை வெளியிட உத்தரவிட்டது. 2007 செப்டம்பரில் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஒரே முறை 10,000 யூரோ கட்டணத்தில் அந்த ஆவணங்கள் சாம்பா திட்டத்துக்குக் கிடைத்தன.

கூகுள் - ஆரக்கிள் வழக்கு

ஆண்டிராய்டு இயங்குதளத்தை உருவாக்கியபோது, ஜாவா நிரலர்கள் பழகிய கட்டளைகளையே பயன்படுத்த வேண்டும் என்பதற்காக, ஜாவா இடைமுகத்தின் சுமார் 11,500 அறிவிப்பு வரிகளை கூகுள் எடுத்துக்கொண்டது. அவற்றைச் செயற்படுத்தும் நிரலைத் தானே எழுதியது. ஜாவாவை உருவாக்கிய சன் நிறுவனத்தை வாங்கிய ஆரக்கிள் 2010இல் வழக்குத் தொடுத்தது. 2021 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் கூகுள் செய்தது நியாயமான பயன்பாடு என்று தீர்ப்பளித்தது. ஆனால் இடைமுகத்துக்குப் பதிப்புரிமை உண்டா இல்லையா என்ற அடிப்படைக் கேள்விக்கு அது விடை சொல்லவில்லை. உண்டு என்று வாதத்துக்காக வைத்துக்கொண்டே தீர்ப்பெழுதியது.

அன்றாடக் கருத்துகளும் வரலாறும்

இவ்வழக்குகளை அறிந்தபின் பரவலான சில கருத்துகளைத் திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. "அதேபோல் வேலை செய்தால் அது திருட்டு" என்பது அவற்றில் ஒன்று. அதே நிரலை எடுப்பதும் அதே வேலையைச் செய்யும் நிரலைத் தனியாக எழுதுவதும் சட்டத்தின் முன் வேறுவேறு. "எல்லோரும் ஓர் இயங்குதளத்தைப் பயன்படுத்துவது அது சிறந்தது என்பதால்தான்" என்பது மற்றொன்று. அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த வழக்கில், 1999 நவம்பரில் நீதிபதி தாமஸ் பென்பீல்டு ஜாக்சன் வேறொரு காரணத்தைச் சுட்டினார். விண்டோசுக்காக எழுதப்பட்ட செயலிகளின் பெருக்கமே, புதிய இயங்குதளங்கள் சந்தைக்குள் வர முடியாத தடையாக நிற்கிறது என்றார். அந்தத் தடையைத் தாண்ட எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதற்கு வைன் திட்டம் சான்று. விண்டோஸ் செயலிகளை லினக்சில் இயக்க 1993இல் தொடங்கிய அத்திட்டத்தின் 1.0 பதிப்பு 2008இல்தான் வெளிவந்தது.

இந்தியச் சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1999இல் செய்யப்பட்ட திருத்தம், 52(1)(ab) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. ஒரு நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர், தனியாக உருவாக்கப்பட்ட இன்னொரு நிரல் அதனுடன் இணைந்து இயங்கத் தேவையான தகவலைப் பெறுவதற்கு வேண்டிய செயல்களைச் செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது. அத்தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பழைய மென்பொருளில் சிக்கிய கணக்கேடுகளையும் ஆவணங்களையும் புதிய கணினிக்கு மாற்றும் நிரலை எழுத விரும்பும் ஒருவருக்கு இந்த ஒரு வரி பெரிய துணை. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளில் பயனர் சேர்த்து வைத்தவை பயனருடையவையாகவே இருக்க இதுபோன்ற விதிகள் தேவை.