கோப்புப் பரிமாற்றமும் பயனர் பதிவேடும்: ஒரு வரலாற்று நோக்கு

கணினியின் வரலாறு பெரும்பாலும் அதன் வேகத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. ஆயின், தன் வாயிலில் நிற்பவரைக் கணினி எவ்வாறு இனங்கண்டது என்னும் வினாவும் ஆய்வுக்குரியதே. எவ்.ரீ.பி. எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறையின் வளர்ச்சி இவ்வினாவைத் தெளிவாக்குகின்றது.

1971 ஏப்ரலில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த அபய் பூசன் இந்நெறிமுறையின் முதல் வரைவை வெளியிட்டார். அக்கால அர்ப்பாநெற் வலையமைப்பு, சில பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் மட்டுமே இணைத்தது. ஒருவரையொருவர் அறிந்தோரின் நம்பிக்கையே அதன் காவலாயிற்று. 1985இல் நெறிமுறை செம்மைப்படுத்தப்பட்டபோதும் பெயரும் கடவுச்சொல்லும் மறைக்கப்படாமலே கம்பிவழி சென்றன.

யுனிக்ஸ் கணினிகளிற் பயனர் பதிவேடு ஒரு தனிக் கோப்பாக இருந்தது. எனவே, கோப்பு அனுப்ப விரும்பும் ஒருவர் அக்கணினியின் முழுப் பயனராகவே பதியப்படவேண்டியிருந்தது. 1990களில் வணிக நிறுவனங்கள் ஒரே கணினியிற் பல வாடிக்கையாளரின் இணையத்தளங்களை வைத்தபோது இம்முறையின் போதாமை வெளிப்பட்டது. கோப்பு வைக்க மட்டும் வந்தவருக்குக் கணினியிலேயே குடியுரிமை வழங்குவது பாதுகாப்புக்கும் நிருவாகத்துக்கும் ஒவ்வாததாயிற்று.

இதற்கான விடை தரவுத்தளத்திலிருந்து வந்தது. எட்கார் கொட் 1970இல் முன்வைத்த தொடர்புநிலைத் தரவு மாதிரியின் வழிவந்த மைஎஸ்கியூஎல், போஸ்ற்கிரெஸ்கியூஎல் போன்றவற்றை, புரோஎவ்ரீபீடி, பியூர்எவ்ரீபீடி ஆகிய சேவையக மென்பொருள்கள் பயன்படுத்தலாயின. பெயர், கடவுச்சொல்லின் மறைவடிவம், பயனருக்குரிய கோப்புறை ஆகியன அட்டவணையின் ஒரு வரிசையில் அடங்கின. பயனரை அவரது கோப்புறைக்குள்ளேயே கட்டுப்படுத்தி வைக்கவும் முடிந்தது. புதியவரைச் சேர்க்க ஒரு வரிசை போதும். பல சேவையகங்கள் ஒரே பதிவேட்டை நாடவும் இயலும்.

எனினும், இவ்வசதி புதிய முரண்பாட்டையும் தோற்றுவித்தது. பதிவேட்டிற் கடவுச்சொல் மறைக்கப்பட்டிருந்தும் வழியில் அது வெளிப்படையாகவே சென்றது. ரீ.எல்.எஸ். மறைகுறியாக்கத்தை எவ்.ரீ.பி.யுடன் இணைக்கும் முறை 2005இலேயே வரையறுக்கப்பட்டது. 2009இல் புரோஎவ்ரீபீடியின் தரவுத்தளக் கூற்றிலே ஒரு குறைபாடு வெளிப்பட்டது: பயனர் பெயரில் விழுக்காட்டுக் குறியை இடுவதன் மூலம், அந்நியர் ஒருவர் தரவுத்தளத்துக்குத் தன் கட்டளைகளையே பிறப்பிக்கக்கூடியதாயிருந்தது. வாயிலில் உரைக்கப்பட்ட பெயரே ஆணையாக மாறிற்று.

2021இல் குரோம், பயர்பொக்ஸ் ஆகிய உலாவிகள் எவ்.ரீ.பி. ஆதரவைக் கைவிட்டன. ஆயினும் இவ்வரலாறு உணர்த்துவது பழைமையுறவில்லை. பதிவேடு இடம்மாறும்போது நம்பிக்கை பற்றிய பிரச்சினையும் அதனுடனேயே இடம்மாறுகின்றது. காவலும் அதனைப் பின்தொடர்தல் வேண்டும்.