தொப்புளைச் சுற்றி 14 ஊசி

செந்துறைப் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்தேன். நாய் கடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். காயத்தில் மிளகாய்ப்பொடியோ சுண்ணாம்போ அப்பியிருக்கும். "தொப்புளைச் சுத்திப் 14 ஊசி போடணுமாங்கய்யா?" என்பதுதான் முதல் கேள்வி. குழாயடிக்கு அனுப்பிக் கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்வேன். வெறிநாய்க்கடி வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. சோப்பு அதைக் கரைத்துவிடும்.

அந்தப் பதினாலின் கதை பழையது. பாஸ்டரின் வெறிநாய்க்கடி மருத்துவம் 1885இல் பாரிசில் தொடங்கியது. வடக்கே கசௌலிக்கு 1900இல், தெற்கே குன்னூருக்கு 1907இல் வந்து சேர்ந்தது. எங்கள் அரியலூர் வழியாக ரயில் வந்ததே 1920களின் கடைசியில்தான். பெரம்பலூருக்கு இன்றும் ரயில் இல்லை. கடிபட்ட நம்மூர்க்காரர் மாட்டுவண்டியில் திருச்சி போய், அங்கே ரயிலேறி, மேட்டுப்பாளையத்தில் மலைரயிலுக்கு மாறவேண்டும். எத்தனை குடும்பங்களால் அது முடிந்திருக்கும்?

1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள், ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்துக் கார்பாலிக் அமிலத்தால் கொன்று தடுப்பூசி செய்தார். மருந்தே ஊர்களுக்குப் போக அது வழிசெய்தது. பல லட்சம் உயிர் அதனால் பிழைத்தது. ஆனால் மருந்தின் அளவு அதிகம், அதனால்தான் அந்த 14 ஊசியும் வயிற்றில். வைரஸோடு ஆட்டு நரம்பின் மயலின் உறையும் உடலுக்குள் போனது. நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை எதிரியென்று பழகிக்கொண்டு சொந்த நரம்பையே தாக்க, சிலருக்குக் கைகால் விழுந்துவிட்டது. ஊரின் பயம் வெறும் வதந்தியல்ல.

வைரஸோ மிகச் சிறியது. சுமார் 12,000 எழுத்து நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ. இழை, 5 மரபணுக்கள், 5 புரதங்கள். உறைமேல் நிற்கும் 'ஜி' புரதம்தான் நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்கு ஏற வழி தேடுகிறது. அதைப் பிடிக்கும் எதிர்ப்புப்பொருள் இருந்தால் போதும், மூளைத்திசு எதற்கு? வெரோ செல்லில், அதாவது குரங்கின் சிறுநீரக அணுக்களில், வைரஸை வளர்த்துக் கொல்லும் முறை வந்ததும் ஆட்டு மூளைக்கு வேலையில்லாமல் போயிற்று. 2004 இறுதியில் இந்தியா அதன் உற்பத்தியை நிறுத்தியது.

இப்போது இரண்டு தோளிலும் தோலுக்குள் 0.1 மில்லி, கடிபட்டு வந்த அன்றும் 3, 7, 28ஆம் நாளிலும். ரத்தம் வந்த கடியென்றால் முதல் நாளே காயத்துக்குள் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப்பொருளும் போடவேண்டும்; தடுப்பூசி போட்ட உடம்பு தன் எதிர்ப்புப்பொருளைச் செய்யவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.