யாங் டி பெர்துவான் அகோங்

மலேசிய மாமன்னரின் பதவிப்பெயர். மலாய் மொழியில் ‘துவான்’ என்றால் தலைவர், எசமான். ‘யாங் டி பெர்துவான்’ என்றால் தலைவராக ஆக்கப்பட்டவர். ‘அகோங்’ என்றால் மிகப் பெரிய. ‘ஆக்கப்பட்டவர்’ என்பது வெறும் அலங்காரமில்லை. 1957 முதல், ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் கூடி, ரகசிய வாக்கெடுப்பில் தங்களுள் ஒருவரை ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். முடியாட்சியா குடியரசா என்று வாதிடுவோர் இந்த நாட்டை எந்தப் பக்கம் சேர்ப்பார்களோ! 2022 தேர்தலில் எந்த அணிக்கும் பெரும்பான்மை கிடைக்காதபோது, அன்வார் இப்ராகிமைப் பிரதமராக நியமித்தவர் அன்றைய மாமன்னர் சுல்தான் அப்துல்லா. கட்சிச் சார்பற்றவர் என்பதே அங்கே அவருடைய பலம். கட்சி வாக்கில் வென்ற அதிபருக்கு எல்லா அணிகளின் நம்பிக்கையும் எளிதில் வாய்க்காது. ஆனால் இந்த ஏற்பாட்டில் ஒரு குறை: பினாங்கு, மலாக்கா, சபா, சரவாக் மாநில ஆளுநர்களுக்கு மாமன்னரைத் தேர்ந்தெடுப்பதில் வாக்கில்லை.