மாங்குளத்தில் பேசப்படும் தமிழ் எது?

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002 பெப்ரவரி 14 அன்று திரைக்கு வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் படத்தைப் பற்றிய ஒரு வழக்கு ஈழத்தமிழரிடையே தீராமல் இருக்கிறது. கதையில் சிறுமி அமுதாவைப் பெற்ற சியாமா, வன்னியின் மாங்குளத்தைச் சேர்ந்தவள். அந்த ஊர் மாந்தர் பேசும் வசனம் ஈழத்தமிழாக ஒலிக்கவில்லை என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர். அது நேர்ந்தது எப்படி என்பதில்தான் வாதம். ஈழத்தமிழை அறியாததால் வந்த பிழை என்பது ஒரு கட்சி. தமிழ்நாட்டு ரசிகருக்கு விளங்க வேண்டும் என்று தெரிந்தே செய்த மாற்றம் என்பது மறு கட்சி. வசனம் எழுதியவர் சுஜாதா. மொழியின் நுட்பம் அறியாதவரா அவர் என்று இரண்டாம் கட்சியினர் கேட்பார்கள்.

இரு தரப்பினரும் தங்களுக்குள் பேசாமலே ஒப்புக்கொண்ட ஒன்று உண்டு. மாங்குளத்தில் பேசப்பட வேண்டிய 'சரியான' தமிழ் எது என்பது அனைவருக்கும் தெரியும் என்ற எண்ணமே அது. என் ஐயம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் குற்றச்சாட்டின் நியாயத்தைப் பார்ப்போம். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு வெறும் இழுவை அன்று. அதற்கு இலக்கணம் உண்டு. தொல்காப்பியம் சொல்லும் அ, இ, உ என்ற மூன்று சுட்டுகளில் உகரச் சுட்டு தமிழ்நாட்டின் அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. ஈழத்தில் 'உது', 'உவன்', 'உங்கை' என்று இன்றும் வாழ்கிறது. 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் நடுவே 'நீர்' என்றொரு படி உண்டு. 'கதைத்தல்' என்பதே உரையாடல்; 'பேசினார்' என்றால் ஏசினார் என்றும் பொருள்படும். 'அவை வந்திட்டினம்' என்று மனிதரைக் குறித்தே சொல்வர். இதைக் கேட்கும் மதுரைக்காரர், உயர்திணையை அஃறிணையாக்கிய பிழை என்றே எண்ணக்கூடும்.

எழுத்திலும் இதே கதைதான். ஈழத்தில் 'காற்று' என்ற சொல்லின் றகர இரட்டை, ரகர அதிர்வு கலவாமல், ஆங்கிலத்து 'ரி' என்ற எழுத்தின் ஒலிக்கு நெருங்கி ஒலிக்கும். அதனால்தான் எங்கள் பத்திரிகைகள் 'ரொறன்ரோ' என்றும் 'மொன்றியல்' என்றும் அச்சிட்டன. தமிழ்நாட்டு நண்பர்கள் பலர் அதை அச்சுப்பிழை என்று கருதியதை என் பத்திரிகை வாழ்வில் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருவர் கண்ணுக்குப் பிழையாவது மற்றவர் ஊரில் விதி.

ஒரு மாற்றம் தவறுதலா, திட்டமா என்று எப்படி அறிவது? ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் நாள்தோறும் எதிர்கொண்ட கேள்வி இது. ஒரு சொல் மாறியிருந்தால் அது எழுதியவன் கைப்பிழையா, வேறு பாடமா? ஒரே மாற்றம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறதா, இடத்தின் பொருளுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதே வழி. திரை வசனத்துக்கு இன்னொரு கேள்வியையும் சேர்க்கலாம்: சரியானதைச் சொல்லித்தர அருகில் யாராவது இருந்தார்களா?

2000ஆம் ஆண்டின் 'தெனாலி'யை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். கமல்ஹாசனின் பேச்சுக்கு உதவியவர் இலங்கை வானொலியின் பி. எச். அப்துல் ஹமீத். சொல்லித்தர ஆள் இருந்தது. இழுவையும் படம் நெடுகிலும் சீராக வருகிறது. ஆகவே அங்கு யாழ்ப்பாணத் தமிழிலிருந்து விலகிய இடங்கள் பெரும்பாலும் நகைச்சுவைக்காகவும் தமிழ்நாட்டு ரசிகருக்காகவும் தெரிந்து செய்தவை என்று கொள்ள இடமுண்டு. 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தில் அந்தச் சீர்மையை நான் காணவில்லை. ஈழத்துச் சொல் ஓரிடத்தில் தலைகாட்டும். அடுத்த வரியில் மறையும். சியாமாவாக நடித்த நந்திதா தாஸ் தமிழ் பேசி வளர்ந்தவர் அல்லர். இதைத் திட்டம் என்று சொல்ல என்னால் இயலவில்லை.

எனினும் பிழை என்ற தீர்ப்பை எழுதுமுன், மாங்குளம் என்ற ஊரையே சாட்சிக்கு அழைக்க வேண்டும்.

மாங்குளம் ஏ-9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடம். 1990 நவம்பரில் அங்கிருந்த இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்தது. 1998 செப்டெம்பரில் இராணுவம் ஊரைப் பிடித்தது. 1999 நவம்பரில் இழந்தது. 2008 நவம்பரில் மீண்டும் பிடித்தது. படம் வெளியாகி எட்டே நாளில், 2002 பெப்ரவரி 22 அன்று, போர்நிறுத்த உடன்பாடு கைச்சாத்தாயிற்று. ஏ-9 வீதி ஏப்ரலில்தான் திறந்தது. அதற்கு முன் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வாகனமேறி மாங்குளம் போய்வருவது எளிதில் நடக்கக்கூடியதன்று. என்னைக் கேட்டால், வசனத்தைவிடப் பெரிய கற்பனை அந்தப் பயணம்தான்.

இத்தகைய ஊரில் ஒரே தமிழ் நிலைத்திருக்க முடியுமா? முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான், நெடுங்கேணி போன்ற பழைய ஊர்களுக்கு வன்னிக்கேயுரிய வாழ்வும் சொல்வளமும் இருந்தன. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' நாவல் 1973இல் வெளிவந்தபோது, தண்ணிமுறிப்புக் காட்டுப்புறத்து மக்களை யாழ்ப்பாணத்து வாசகர் புதியவர்களாகவே சந்தித்தனர். இரணைமடுக் குளத்தை அண்டிய குடியேற்றங்கள் யாழ்ப்பாணத்து மக்களைக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்தன. 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வு மேலும் பெருந்தொகையினரை வன்னிக்குள் தள்ளியது.

இவர்களோடு இன்னொரு மக்களும் வந்தார்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழர். 1970களின் உணவுத் தட்டுப்பாடும், 1977 ஓகஸ்ட் வன்செயலும் அவர்களைத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் விரட்டின. கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களைக் குடியமர்த்தியது. இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கிளிநொச்சியின் மலையாளபுரம், பாரதிபுரம், சாந்தபுரம் ஆகிய ஊர்களில் இந்த மக்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கின்றனர். முதல் தலைமுறையின் பேச்சு திருச்சி, சேலம், இராமநாதபுரம் பக்கத்துப் பேச்சுக்கே நெருக்கமானது. 'ஓம்' என்ற இடத்தில் 'ஆமா' என்பர். 'கதை' என்ற இடத்தில் 'பேசு' என்பர்.

ஆகவே வன்னியில் ஒரு பெண் தமிழ்நாட்டுச் சாயலில் பேசினால் அது நடக்க முடியாத ஒன்றன்று. மணிரத்னமும் சுஜாதாவும் இதை எண்ணிச் செய்தார்கள் என்று நான் வாதாடவில்லை; படத்தில் அதற்கு அறிகுறி இல்லை. ஆனால் "வன்னியில் யாரும் இப்படிக் கதைப்பதில்லை" என்று அடித்துச் சொல்பவர், தம்மை அறியாமலே ஒரு மக்கள் கூட்டத்தை வன்னியிலிருந்து அழித்துவிடுகிறார்.

இது வெறும் மொழி வழக்காக முடிவதில்லை. அந்தப் பேச்சைக் கொண்டே மலையக வம்சாவளியினரைத் 'தோட்டக்காட்டான்' என்று ஒதுக்கிய வழக்கம் நம்மிடையே இருந்தது. காணி உறுதியிலும் பாடசாலையிலும் திருமணப் பேச்சிலும் அவர்கள் அதன் விலையைக் கொடுத்தார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் மணலில் இறந்தவர்களில் அவர்களும் இருந்தனர். அங்கே எறிகணை எவரது உச்சரிப்பையும் கேட்டு விழவில்லை.

2025 மே மாதம் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' இதே சிக்கலைக் கதையாகவே எடுத்துக்கொண்டது. இலங்கையிலிருந்து சென்னை வந்த குடும்பம் தன் தமிழை மறைத்தாக வேண்டும். அதில் ஒரு சொல் சென்னைத் தமிழாக ஒலித்தால், நடிகர் தவறினாரா, பாத்திரம் மறைக்கிறதா என்று பிரித்தறிவது கடினம். அகதிகள் பலரின் உண்மை நிலையும் அதுவே. இந்தியாவில் 'ஓம்' என்பதை விழுங்கியவர்களும், கிளிநொச்சியில் 'ஆமா' என்பதை விழுங்கியவர்களும் ஒரே காரணத்துக்காகவே விழுங்கினார்கள்.

அடுத்தமுறை ஒரு படத்தில் வன்னி மாந்தர் பேசுவதைக் கேட்டுப் பிழை என்று தோன்றினால், வசனகர்த்தாவின் எண்ணத்தை ஆராயுமுன் இன்னொன்றைக் கேட்டுப் பாருங்கள்: இந்தப் பாத்திரத்தின் பாட்டன் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில், எதற்காக வன்னிக்கு வந்தான்? படம் அதற்கு விடை வைத்திருந்தால் வசனத்தை நம்பலாம். விடை இல்லையென்றால், யாழ்ப்பாணத் தமிழை எவ்வளவு திருத்தமாகப் பேசியிருந்தாலும் அது வன்னி ஆகிவிடாது.