ஒரு மாதம் மதீனாவில் உலவிய பொய்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

கைப்பேசியில் வந்த செய்தியை அடுத்தவருக்கு அனுப்ப ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடியில் ஒரு பெண்ணின் மானமும் ஒரு வணிகரின் நம்பிக்கையும் அழிந்துபோக முடியும். இஃது இக்காலத்தில் தோன்றிய நோயன்று. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வாழ்ந்த மதீனாவிலேயே இந்நோய் ஒரு மாத காலம் பரவியது.

ஹிஜ்ரி 5 என்றும் 6 என்றும் வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் ஆண்டில், பனூ முஸ்தலிக் போரிலிருந்து படை திரும்பிக்கொண்டிருந்தது. தொலைந்துபோன கழுத்து மாலையைத் தேடி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சற்றுத் தொலைவு சென்றிருந்தார்கள். அவர்கள் உள்ளே இருப்பதாக எண்ணிய ஆட்கள் வெற்றுச் சிவிகையை ஒட்டகத்தின் மீது ஏற்றிவிட, படை புறப்பட்டுவிட்டது. பின்னால் வந்த ஸஃப்வான் பின் முஅத்தல் (ரலி) அவர்கள் அன்னையாரைத் தம் ஒட்டகத்தில் அமர்த்தி, தாம் நடந்தே அதை இழுத்துவந்து படையிடம் சேர்த்தார்கள். நடந்தது இவ்வளவுதான். இதைக் கண்ட நயவஞ்சகர் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை, இதிலிருந்து ஒரு பெரும் அவதூறைப் புனைந்தான்.

மதீனா வந்ததும் அன்னையார் நோயுற்றார்கள். ஊரே பேசிய பேச்சு அவர்களுக்கு மட்டும் தெரியாது. ஒரு மாதம் கழித்து, உம்மு மிஸ்தஹ் (ரலி) அவர்களின் வாயிலாகவே அதை அறிந்தார்கள். அதன்பின் உறக்கமின்றி அழுதுகொண்டே இருந்தார்கள். அவதூறின் இயல்பு இதுதான். யாரைப் பற்றியதோ அவருடைய செவிக்கு அது இறுதியாகவே வந்து சேரும்.

அந்த ஒரு மாதத்தில் மக்கள் எவ்வாறு நடந்துகொண்டார்கள் என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பொய்யைப் புனைந்தவன் நயவஞ்சகன். ஆனால் அதைச் சுமந்து சென்றவர்களுள் நல்லவர்களும் இருந்தார்கள். பத்ருப் போரில் கலந்துகொண்ட மிஸ்தஹ், நபியவர்களின் கவிஞரான ஹஸ்ஸான் பின் ஸாபித், ஹம்னா பின்த் ஜஹ்ஷ் ஆகியோர் அவர்கள். ஹம்னா தம் சகோதரி அன்னை ஸைனபின் நலம் கருதியே பேசினார். ஆனால் அந்த ஸைனப் (ரலி) அவர்களோ, தாம் காணாததையும் கேளாததையும் கூற மறுத்து நாவைக் காத்துக்கொண்டார்கள். அபூ அய்யூப் அன்ஸாரி (ரலி) அவர்களின் இல்லத்தில் இப்பேச்சு எழுந்தபோது, கணவனும் மனைவியும் தங்களையே அவ்விடத்தில் வைத்துப் பார்த்து, இது பொய்யே என்று அங்கேயே முடிவு செய்தார்கள்.

பின்னர் அந்நூர் அத்தியாயத்தின் வசனங்கள் (24:11 முதல்) இறங்கி அன்னையாரின் தூய்மையை அறிவித்தன. கேட்டவுடன் நல்லெண்ணம் கொள்ளாததையும், அறியாத ஒன்றை நாவிலிருந்து நாவுக்கு மாற்றி அதை அற்பமாக எண்ணியதையும் அவ்வசனங்கள் கண்டித்தன. கற்புள்ள பெண்கள் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதோருக்கு 80 கசையடி என்பதும், அவர்களின் சாட்சியம் இனி ஏற்கப்படாது என்பதும் அதே அத்தியாயத்தின் சட்டம் (24:4). பிற பொய்ப்பழிகளுக்கான தண்டனையை நீதிபதியின் முடிவுக்கு ஃபிக்ஹ் அறிஞர்கள் விட்டுள்ளனர்.

மானத்தைப் போலவே வாழ்வாதாரமும் பொய்யால் அழியும். வேல்ஸ் பகுதியில் வெளிவந்த ஒரு வார இதழ், கொதிகலன் செய்யும் ஒரு நிறுவனம் தொழிலை நிறுத்திவிட்டதாகப் பொய்ச் செய்தி வெளியிட்டது. தொழிலை நிறுத்தினார் என்பது எவருடைய ஒழுக்கத்தையும் பழிப்பதன்று. ஆனாலும் வணிகம் குறைந்தது. 1892-இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுரிமையாளருக்கு இழப்பீடு உண்டு என்று தீர்ப்பளித்தது. அவதூறு வேறு, கெட்ட நோக்குடன் கூறிப் பொருள் இழப்பை உண்டாக்கும் பொய் வேறு. இரண்டுக்கும் கணக்கு உண்டு.

சமூக ஊடகக் காலத்திற்கு வருவோம். 2010-இல் ஐபிஎல் தலைவராக இருந்த லலித் மோடி, நியூசிலாந்து வீரர் கிறிஸ் கெய்ர்ன்ஸ் ஆட்டச் சூதில் ஈடுபட்டவர் எனும் பொருள்பட ட்விட்டரில் எழுதினார். அதை நேரடியாகப் படித்தோர் ஏறத்தாழ 65 பேர் மட்டுமே. ஆயினும் குற்றச்சாட்டை மெய்ப்பிக்க இயலாததால், 2012-இல் லண்டன் நீதிமன்றம் 90,000 பவுண்டு இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டிலும் அத்தொகை நிலைத்தது. சிலரிடம் கூறியது பலரிடம் பரவும் என்பதை நீதிபதிகள் கருத்தில் கொண்டனர். அவ்வழக்கில் பொய்ச்சாட்சி கூறியதாகக் கெய்ர்ன்ஸ் மீது பின்னர் தொடுக்கப்பட்ட வழக்கிலும் 2015-இல் அவர் விடுவிக்கப்பட்டார்.

நம் நாட்டிலும் அவதூறு குற்றமே. 1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 499, 500 ஆகிய பிரிவுகளாக இருந்தது, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவாக உள்ளது. இரண்டு ஆண்டுகள் வரை சிறை விதிக்கலாம். பெண் செய்தியாளர்களை இழிவுபடுத்தும் முகநூல் பதிவைப் பகிர்ந்த ஒருவரின் வழக்கில், பிறர் எழுதியதைப் பகிர்ந்தேன் என்பது தப்பிக்கும் வழியாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது. “வந்ததை அனுப்பினேன்” என்று நாம் சொல்லும் சமாதானத்தை இவ்வுலக நீதிமன்றமே ஏற்கவில்லை எனில், உள்ளங்களை அறிந்தவன் முன் அது எவ்வாறு செல்லும்?

ஒருவர் குறித்த பழிச்செய்தி குடும்பக் குழுமத்தில் வந்தால், அபூ அய்யூப் தம்பதியரைப் போல் நம்மை அவ்விடத்தில் வைத்துப் பார்ப்போம். அனுப்பாமல் நிறுத்துவோம், அனுப்பியவருக்குத் தனியே நயமாக எடுத்துரைப்போம். முன்பே பரப்பிவிட்டோர், எந்தக் குழுமத்தில் பரப்பினார்களோ அதே குழுமத்தில் அதை மறுத்து எழுதட்டும். பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்கட்டும். தௌபாவின் வாயில் திறந்தே உள்ளது.

பாதிக்கப்பட்டோருக்கும் இவ்வரலாற்றில் பாடம் உண்டு. மிஸ்தஹுக்கு அளித்துவந்த உதவியை இனி அளிப்பதில்லை என்று அபூபக்ர் (ரலி) அவர்கள் சத்தியம் செய்தார்கள். மன்னிக்குமாறு தூண்டும் வசனம் (24:22) இறங்கியதும் அவ்வுதவியை மீண்டும் தொடங்கினார்கள். தம் மகளைப் பழித்தவருக்கு அவர்கள் மீண்டும் உணவளித்தார்கள். நீதி கேட்பது நம் உரிமை. மன்னிப்பது அதனினும் உயர்ந்தது.

அல்லாஹ் நம் நாவுகளையும் விரல்களையும் பொய்யிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.