உறங்கா இரவின் பெயர்கள்: கொரிய மரபு மருத்துவத்தில் உறக்கமின்மையும் மன அழுத்தமும்

ஜோசோன் அரசரின் உடல்நலம் விசாரிக்கச் சென்ற அரண்மனை மருத்துவ அலுவலர்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்பது வழக்கம். உறக்கம் எவ்வாறு இருந்தது, உணவு எவ்வாறு இருந்தது? 1623ஆம் ஆண்டு முதல் இன்றுவரை எஞ்சியுள்ள அரசச் செயலக நாட்குறிப்பில் இக்கேள்விகள் சலிப்பூட்டும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் பதிவாகியுள்ளன. அரசரின் உறக்கம் அரசாங்க அலுவலாகவே கருதப்பட்டது. அரண்மனைக்கு வெளியே உறங்காமல் கிடந்தவர்களிடம் இதைக் கேட்டுக் குறித்துவைக்க எந்த அலுவலகமும் இருக்கவில்லை. அவர்களுடைய இரவுகளை அறிய, உறக்கமின்மைக்கு மருத்துவ நூல்களும் பேச்சு வழக்கும் சூட்டிய பெயர்களைப் பின்தொடர வேண்டியுள்ளது. ஒவ்வொரு பெயரும் ஒரு காரணத்தைச் சுட்டியது. காரணத்துக்கு ஏற்ப மருந்து மாறியது. எவருடைய மனத்துயரம் நோயாக ஏற்கப்பட்டது, எவருடையது குணக்கேடாகத் தள்ளப்பட்டது என்பதையும் இப்பெயர்களின் வரலாற்றில் காணலாம்.

இவ்வரலாற்றின் மைய நூல் 'டோங்குய் போகாம்'. 'கிழக்கத்திய மருத்துவத்தின் அரிய கண்ணாடி' என்று அதன் பெயரைப் பொருள்கொள்ளலாம். ஜப்பானியப் படையெடுப்பு நாட்டைச் சிதைத்திருந்த காலத்தில், 1596இல், மன்னர் சொன்ஜோ இந்நூலைத் தொகுக்குமாறு அரண்மனை மருத்துவர் ஹொ ஜுன் உள்ளிட்ட குழுவுக்கு ஆணையிட்டார். மறுஆண்டு போர் மீண்டும் மூண்டதால் குழு கலைந்தது. பணி பெரும்பாலும் ஹொ ஜுன் ஒருவரின் பொறுப்பாயிற்று. 1608இல் சொன்ஜோ இறந்தபோது, மன்னரைக் காக்கத் தவறியதாகக் குற்றம் சுமத்தி ஹொ ஜுனை நாடுகடத்தினர். அங்கும் எழுத்துப் பணி தொடர்ந்தது. 1610இல் 25 தொகுதிகளாக நிறைவுற்ற நூல் 1613இல் அச்சேறியது. 2009இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. மன்னர் இட்ட நெறிமுறைகளுள் இரண்டு இங்கே முக்கியமானவை. ஒன்று, உடலையும் மனத்தையும் பேணுதல் முதன்மையானது, மருந்து அதற்கு அடுத்தது. மற்றொன்று, எளிய மக்களும் அறியும்படி உள்நாட்டு மூலிகைகளின் பெயர்கள் தரப்பட வேண்டும். நூல் செவ்வியல் சீனத்தில் எழுதப்பட்டிருந்தபோதும், அறுநூறுக்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களுக்கு ஹங்குல் எழுத்தில் கொரியப் பெயர்கள் தரப்பட்டிருப்பது இந்நெறியின் விளைவே.

நூலில் உறக்கம் இடம்பெறும் வரிசை கவனத்துக்குரியது. உள்ளுறுப்புகளைப் பற்றிய முதற்பகுதியில் உடல், சாரம், உயிராற்றல், உள்ளம், குருதி ஆகியவற்றை அடுத்துக் 'கனவு' என்னும் இயல் வருகிறது. உறக்கமும் உறக்கமின்மையும் அதனுள் அடங்கும். அதற்குப் பின் குரலும் பேச்சும் பேசப்படுகின்றன. தனி உறுப்பின் கோளாறாக அன்றி, உள்ளமும் குருதியும் சேர்ந்து நிகழ்த்தும் ஒன்றாகவே உறக்கம் அங்கே நிறுத்தப்பட்டுள்ளது. அடிப்படைக் கோட்பாடு பண்டைய சீன மருத்துவ நூலான 'ஹுவாங்டி நெய்ஜிங்'கிலிருந்து வந்தது. உடலைக் காக்கும் ஆற்றல் பகலில் புறத்தே இருபத்தைந்து முறையும் இரவில் அகத்தே இருபத்தைந்து முறையும் சுற்றிவருகிறது. அது அகத்தே நுழைய இயலாதபோது கண் மூடுவதில்லை. முதியோர் இரவில் விழித்திருப்பதற்கும் இளையோர் ஆழ்ந்து உறங்குவதற்கும் குருதி, ஆற்றல் ஆகியவற்றின் நிறைவும் தளர்வுமே காரணம் என்று அதே மரபு விளக்கியது.

இக்கோட்பாட்டின் மேல் பெயர்கள் கிளைத்தன. நெடுநோயாலோ உழைப்பாலோ உடல் தளர்ந்து, நெஞ்சில் அமைதியற்ற வெம்மை எழுந்து உறக்கம் கெடுவது 'வெறுமையின் தவிப்பு'. அச்சத்தால் எளிதில் திடுக்கிட்டுக் கனவுகளால் அலைக்கழிவது இதயமும் பித்தப்பையும் நலிந்த நிலை. அதற்குரிய மருந்து 'ஒன்தாம்தாங்', அதாவது பித்தப்பையை வெதுவெதுப்பாக்கும் கஷாயம். பித்தப்பைக்கும் அச்சத்துக்கும் உள்ள இத்தொடர்பைக் கொரிய மொழி இன்றும் மறக்கவில்லை. துணிவுடையவரைப் 'பித்தப்பை பெரியவர்' என்றே கொரியர் சொல்வர். ஓயாத கவலையால் இதயமும் மண்ணீரலும் நலிந்து, படபடப்பும் மறதியும் உறக்கமின்மையும் சேர்ந்து வந்தால் 'க்விபிதாங்' என்னும் வேறொரு கஷாயம். 'உறக்கமின்மை' என்ற ஒற்றைச் சொல்லைக் கொண்டு மருந்து தேடுவது இம்மருத்துவருக்கு இயலாத செயல். உறங்காதவரின் பகல் எவ்வாறு கழிந்தது என்பதை அவர் முதலில் கேட்டாக வேண்டும்.

இம்மருந்துகளில் அடிக்கடி இடம்பெறும் பொருள், ஹங்குலில் 'மலை இலந்தை விதை' என்று பொருள்படும் பெயரால் குறிக்கப்பட்டது. தமிழ்நாட்டு இலந்தையின் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு மரம் அது. உறக்கம் மிகுந்தால் அவ்விதையைப் பச்சையாகவும், உறக்கம் வாராவிட்டால் வறுத்தும் பயன்படுத்துமாறு நூல் கூறுகிறது.

மருந்துக்கு முன் பேணுதல் என்ற நெறிக்கேற்ப, படுக்கும் முறைக்கும் நூல் இடம் ஒதுக்கியது. ஒருக்களித்து முழங்காலை மடக்கிப் படுப்பது இதயத்துக்கு நலம். விழித்ததும் கைகால்களை நீட்ட வேண்டும். பிணம்போல் மல்லாந்து கிடத்தல் ஆகாது. வாயை மூடி உறங்கப் பழக வேண்டும். விளக்கை எரியவிட்டு உறங்கினால் உள்ளம் அமைதி அடையாது. மாலையில் வயிறு புடைக்க உண்பது ஒரு நாளின் விலக்கு. இளவேனிலிலும் கோடையிலும் பிந்தி உறங்கி முந்தி எழ வேண்டும். இலையுதிர் காலத்தில் கோழியோடு உறங்கிக் கோழியோடு எழ வேண்டும். குளிர்காலத்தில் முந்தி உறங்கிக் கதிரவன் வரும்வரை காத்திருக்கலாம். நூலின் மற்றோரிடத்தில் மருந்துத் தலையணை ஒன்றின் செய்முறையும் உண்டு. மரப்பெட்டியின் மூடியில் 120 துளைகள் இட்டு, உள்ளே 32 மருந்துப் பொருள்களை நிரப்ப வேண்டும். இவ்வறிவுரைகளில் விளக்கணைத்தலும் இரவு உணவைக் குறைத்தலும் இன்றைய மருத்துவரும் சொல்பவையே. ஆனால் குளிர்காலத்தில் கதிரவனுக்காகக் காத்திருக்கும் உரிமை ஜோசோனின் அடிமைக் குடிகளுக்கு இருந்திருக்காது. உறக்க ஒழுக்கம் என்பது தன் நேரத்தைத் தானே ஆளும் மனிதரை முன்நிறுத்தி எழுதப்பட்டது.

இவ்வியலில் மன அழுத்தத்துக்கு மிக அணுக்கமான பெயர் 'எண்ணம் முடிச்சிட்டு உறங்காமை'. அதற்குச் சான்றாக ஹொ ஜுன் ஒரு பழைய சீனக் கதையைச் சேர்த்துள்ளார். அளவுகடந்த கவலையால் இரண்டு ஆண்டுகள் உறங்காத ஒரு பெண்ணுக்கு எம்மருந்தும் பலிக்கவில்லை. கணவன் அழைத்துவந்த மருத்துவர் ஜாங் சோங்ஜெங், 12, 13ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர். நாடி பார்த்த அவர், எண்ணத்துக்கு உரிய மண்ணீரல் தாக்குண்டதாக முடிவுசெய்தார்; கணவனோடு கலந்துபேசி ஒரு திட்டம் வகுத்தார். பெரும்பணம் பெற்றுக்கொண்டு, சில நாள் அவ்வீட்டிலேயே மது அருந்திக் களித்து, ஒரு மருந்தும் எழுதித் தராமல் போய்விட்டார். பெண்ணுக்குக் கடுஞ்சினம் மூண்டது, வியர்த்துக் கொட்டியது. அன்றிரவு உறங்கியவள் எட்டு ஒன்பது நாள் விழிக்கவே இல்லை. பின்னர் உணவு செல்லத் தொடங்கியது, நாடி சீரானது. ஐம்பூதக் கணக்கின்படி இதற்கு விளக்கம் உண்டு: சினம் மரத்தின் இயல்பு, எண்ணம் மண்ணின் இயல்பு, மரம் மண்ணை அடக்கும்.

ஐம்பூதக் கணக்கை ஏற்காதவரும் இக்கதையின் உட்பொருளைக் காண முடியும். இரண்டு ஆண்டுகளாக அப்பெண்ணுக்கு மறுக்கப்பட்டிருந்தது சினம்கொள்ளும் வாய்ப்பு. அதையும் அவள் தானாகப் பெறவில்லை. கணவனும் மருத்துவரும் கூடித் திட்டமிட்டே அளித்தனர். இக்கதையைத் தன் மருத்துவ நூலில் ஏற்ற ஜோசோன் சமூகம், பொறாமையை மனைவியைத் தள்ளிவைப்பதற்கான ஏழு காரணங்களுள் ஒன்றாக வைத்திருந்தது. நூல் மருந்தாகக் கண்ட சினத்தை வீட்டுவழக்கம் குற்றமாகக் கண்டது.

வெளிப்படாத சினத்துக்குக் கொரிய மொழி வேறொரு பெயரை வைத்தது: 'ஹ்வாபியோங்', நெருப்பு நோய். இளவரசி ஹியேக்யோங் 1795 முதல் 1805 வரை எழுதிய நினைவுக் குறிப்புகளில், தன் கணவரான பட்டத்து இளவரசர் சாதோவின் மனநோயை இந்நெருப்போடு சேர்த்தே பேசுகிறார். தந்தையான மன்னர் யொங்ஜோவின் கடுமைக்கு அஞ்சி வளர்ந்த சாதோ, 1762இல் அத்தந்தையின் ஆணையால் அரிசிப் பெட்டியில் அடைக்கப்பட்டு உயிர்விட்டார். இருபதாம் நூற்றாண்டில் இந்நோய் பெரும்பாலும் நடுவயதுப் பெண்களுடையதாக அறியப்பட்டது. மார்பில் அழுத்தம், முகத்தில் ஏறும் வெம்மை, மேல்வயிற்றில் கட்டி இருப்பதுபோன்ற உணர்வு, பெருமூச்சு, உறக்கமின்மை ஆகியவை அதன் அடையாளங்கள். மாமியார் வீட்டில் ஆண்டுக்கணக்கில் விழுங்கிய சொற்கள் நெருப்பாகின்றன என்பது மக்கள் தந்த விளக்கம். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 1994ஆம் ஆண்டு நோய்க் கையேடு இதைப் பண்பாடு சார்ந்த நோய்த்தொகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் இப்பெயர் இடம்பெறவில்லை. சியோல் மருத்துவமனைகளில் நோயாளிகள் இப்பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இன்றும் வருகின்றனர்.

பெயர்ப் போராட்டம் மருத்துவரையும் விட்டுவைக்கவில்லை. ஜப்பானியக் குடியேற்ற ஆட்சி 1913இல் மரபு மருத்துவர்களை 'உய்சாங்' என வகைப்படுத்தி, மேலை மருத்துவம் பயின்றோருக்குக் கீழே நிறுத்தியது. போர்க்காலமான 1951இல் இயற்றப்பட்ட தேசிய மருத்துவச் சட்டம் அவர்களுக்கு மருத்துவத் தகுதியை மீண்டும் வழங்கியது. 1986இல் மற்றொரு திருத்தம் வந்தது. அதுவரை 'ஹன்' என்னும் சொல் சீனத்தைக் குறிக்கும் எழுத்தால் எழுதப்பட்டது. அன்றுமுதல் கொரியாவைக் குறிக்கும் எழுத்தால் எழுதப்பட்டது. ஒலி மாறவில்லை, காதால் கேட்பவருக்கு எதுவும் நிகழவில்லை. எழுத்தில் மட்டும் ஒரு மருத்துவ மரபு நாடு மாறியது. அடுத்த ஆண்டு அது நாட்டின் மருத்துவக் காப்பீட்டுக்குள்ளும் வந்தது.

இன்று இம்மருத்துவர்கள் மணிக்கட்டில் உள்ள 'உள்ளத்தின் வாயில்' என்னும் புள்ளியில் ஊசியிட்டும், இலந்தை விதைக் கஷாயம் தந்தும், படுக்கை நேரப் பழக்கங்களைத் திருத்தியும் உறக்கமின்மையை அணுகுகின்றனர். இவற்றைப் பற்றிய ஆய்வுகளில் நம்பிக்கையூட்டும் முடிவுகள் உண்டு. ஆயினும் பல ஆய்வுகள் சிறியவை, உறுதியான தீர்ப்புக்குப் போதாதவை. நாட்பட்ட உறக்கமின்மைக்கு இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள் முதலில் பரிந்துரைப்பது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளச் சிகிச்சையையே. முடிச்சிட்ட எண்ணத்தை அவிழ்ப்பதே அச்சிகிச்சைக்கும் இலக்கு.

ஆனால் எண்ணத்தின் முடிச்சு தலைக்குள் மட்டும் இடப்படுவதில்லை. நான்கு மணிநேரம் உறங்கினால் தேர்ச்சி, ஐந்து மணிநேரம் உறங்கினால் தோல்வி என்னும் பொருளுடைய 'சாதாங் ஓராக்' என்ற நான்கெழுத்துச் சொல்லைக் கேட்டே தென்கொரிய மாணவர் தலைமுறைகள் வளர்ந்தன. வாரத்துக்கு 68 மணிநேரம் வரை வேலை வாங்க இடமளித்த நடைமுறை, 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால்தான் 52 மணிநேரமாகக் குறைக்கப்பட்டது. அச்சட்டத்தை மருத்துவ வரலாற்றில் எவரும் சேர்ப்பதில்லை. எனினும் உறக்கத்தைப் பொறுத்தவரை, எந்தக் கஷாயமும் தர இயலாத பொருளை, அதாவது நேரத்தை, அது தர முயன்றது. அரசரிடம் நாள்தோறும் கேட்கப்பட்ட கேள்வியைத் தொழிலாளரிடமும் மாணவரிடமும் கேட்கும் கடமை, மருத்துவருக்கு முன்பாகப் பள்ளிக்கும் பணியிடத்துக்கும் அரசுக்கும் உண்டு.